பத்துப் பலகையும் படகில் ஓர் இடமும்

ஆர்லன் ப்ரீபியின் கராஜுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது சுவரில் மாட்டியிருக்கும் பத்தொன்பது மீன்பிடிப் போட்டிச் சீட்டுகள்தான். ஆண்டுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் இரண்டு பெயர்: டுவைட் ஓல்ஷாவ்ஸ்கி, ஆர்லன் ப்ரீபி. படகு டுவைட்டினுடையது என்பதால் அவன் பெயர் முதலில். இருபதாவது சீட்டுக்கு என்று ஆர்லன் ஓர் ஆணியை முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார். அந்த ஆணியில் இப்போது ஒரு சுத்தியல் தொங்குகிறது.

அமெரிக்காவின் ஈரி ஏரியில் ஏப்ரல் மாதம் வால்ஐ மீன் பிடிப்பவர்களுக்குப் பலகை இல்லாமல் பிழைப்பு இல்லை. முழங்கை நீளம், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் அகலம். தூண்டில் நரம்பில் இதைக் கிளிப்பால் கவ்வவிட்டுத் தண்ணீரில் இறக்கினால், படகு ஓட ஓடப் பலகை பக்கவாட்டில் விலகிப் போய்விடும். இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து. படகு சத்தத்துக்கு மிரண்டு ஒதுங்கும் மீனுக்கு முன்னால் போலி மீன் நீந்தும்படி செய்கிற வேலை இது. சால்மன் என்றால் கவலையே இல்லை. அது அடித்தால் பலகையே பின்னால் பாயும், குருடனுக்கும் தெரியும். வால்ஐ அப்படியில்லை. கவ்வியபின் சும்மா கூடவே வரும், மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமகன்போல. அரை மணி நேரம் இழுத்துக்கொண்டு போவோம், தெரியாது. அதற்காகத்தான் பலகையின் மேல் ஸ்பிரிங் வைத்த சின்னக் கொடி. நரம்பில் பாரம் கூடினால் கொடி பின்னால் சாயும்.

அந்தச் சாய்வை இந்தக் கரையில் ஆர்லனைவிட முன்னால் பார்த்தவர் கிடையாது. கடையில் வாங்கிய ஸ்பிரிங்கை அவர் நம்ப மாட்டார். கொடிக்கம்பின் அடியில் இன்னொரு துளை போட்டு ஸ்பிரிங்கைத் தளர்த்துவார். நரம்பில் ஒரு பையைக் கட்டி, அதில் இரும்பு நட்டுகளை ஒவ்வொன்றாகப் போடுவார். ஆறாவது நட்டில் கொடி தலைகுனிய வேண்டும். ஐந்தில் குனிந்தால் அலைக்கே ஆடும். ஏழில் குனிந்தால் சின்ன மீன் தப்பும். பலகையின் அடியில் இருக்கும் ஈயத்தைக் கழற்றி அரை விரல் பின்னால் தள்ளி வைப்பார், அப்போதுதான் எதிரலையில் மூக்கு முங்காது. பின்பக்கக் கிளிப்பில் ஒரு முள் சேர்ப்பார், மீன் துள்ளினாலும் பலகை கழன்று ஏரியோடு போகாது.

அவர் செய்யும் கொடிகள் எல்லாம் கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்டவை. ஊரில் மற்ற எல்லோரும் சிவப்பு, ஆரஞ்சு. ஏன் என்று கேட்டால், "மத்தவன் கொடியைப் பாத்து நான் ஏமாறக் கூடாதில்ல" என்பார். நானும் அதை நம்பியிருந்தேன். எதிர் வீட்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்தும் உண்மைக் காரணம் எனக்குத் தெரியாது.

இருபதாவது சீட்டு வரவேண்டிய வருஷம், மார்ச் கடைசியில் டுவைட் தன் பலகைகளைப் பெட்டியோடு கொண்டுவந்து கராஜில் இறக்கினான். டுவைட், ஆர்லனின் மனைவி லோரீனின் தம்பி. பிக்கப் வண்டியை அணைக்காமலே பேசினான்.

"மச்சான், எல்லாத்தையும் ஒருதரம் பிரிச்சு மாட்டிடு. பழைய கொடியெல்லாம் வெயில்ல வெளுத்துப்போச்சு. புதுசு வாங்கிப் பெட்டியில போட்டிருக்கேன், அதையே மாட்டிடு."

"கட்டம் நான் போட்டுக்கறேன்."

"வேணாம் வேணாம், எதுக்கு உனக்கு வீண் வேலை. அப்படியே மாட்டு. ஆமா, கைவலையில ஓட்டை கீட்டை இருக்கான்னும் பாத்துடு!"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். கைவலைப் பேச்சு குளிர்காலம் முழுக்க ஓடியது. போன வருஷப் போட்டியின் கடைசி அரை மணியில் ஒரு பெரிய மீன் படகோரம்வரை வந்து, ஆர்லன் வலையை நீட்டும்போது முழங்கால் மடங்கி, மீன் விளிம்பில் பட்டுத் தெறித்துப் போனது. முதல் பரிசு ஒரு கைப்பிடி எடையில் போயிற்று. டுவைட் அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. அதன்பின் கிறிஸ்துமஸ், பிறந்தநாள், எல்லா விருந்திலும் வேடிக்கையாகச் சொன்னான். திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து நான் ஒரு குறடு கடன் கேட்கப் போனேன். நான்கு பலகை முடிந்து மேஜையில் வரிசையாக நின்றன.

"என்ன பாக்கறே? வந்தா உக்காரு, இல்லேன்னா நட்டை எடுத்துக் குடு" என்றார்.

நட்டை எடுத்துக் கொடுத்தேன். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று, "இந்தச் சிவப்பு நல்லா இருக்கு ஆர்லன், ரொம்ப தூரத்துலயே எடுத்துக் காட்டும்" என்றேன்.

அவர் கை நின்றது.

"என்ன நிறம்னு சொன்னே?"

"சிவப்பு."

"எல்லாமேவா?"

"பத்தும் சிவப்புதானே. ஏன்?"

அவர் கொடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பிறகு கீழே வைத்தார். "எனக்கு இது சேறு மாதிரி தெரியுது. பழுப்புன்னு நெனச்சேன். இந்த ஏரித் தண்ணிமேல வச்சா இது எது, தண்ணி எதுன்னே எனக்குத் தெரியாது."

அப்போதுதான் சொன்னார். பத்தொன்பது வயதில் ரயில்வேயில் சிக்னல் வேலைக்குப் போனவரை, நிறம் பிரித்துத் தெரிகிறதா என்று புள்ளிப் படம் காட்டிய டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். ஊருக்கு வந்து, வேலை பிடிக்கவில்லை, அதான் வந்துவிட்டேன் என்றார். முப்பத்து நான்கு வருஷம் ஜிப்சம் சுவர்ப்பலகை ஆலையில் வெள்ளையும் சாம்பலுமாகப் பார்த்து ஓய்வும் பெற்றார். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு பேர்: லோரீன், அவள் தம்பி. கறுப்பு வெள்ளைக் கட்டம் போடச் சொல்லி யோசனை கொடுத்ததே டுவைட்தான், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால்.

"அவன் மறந்திருப்பான்" என்றேன்.

"என் கண்ணை மறப்பானா? எந்த முழங்கால் மடங்கிச்சுன்னுகூட அவனுக்கு ஞாபகம் இருக்கு." நட்டுப் பையை எடுத்து மறுபடி கட்டினார். "இந்தக் கொடியைப் பாக்கப்போறது வேற ஆளு."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு வாரம் நிம்மதியாக இருந்திருப்பார். அயல்நாட்டில் ஒரு வேலையில் இருபது வருஷம் ஒட்டிக்கொண்டிருப்பவனுக்கு ஒன்று தெரியும்: ஆளை வேலையைவிட்டு எடுக்கப்போகிற சமயத்தில் யாரும் அவனுக்கு வீண் வேலை தர விரும்ப மாட்டார்கள், ரொம்ப அக்கறையாகப் பேசுவார்கள்.

லோரீன் காபியோடு வந்தாள். ஆர்லன் தலை நிமிராமல் கேட்டார். "உன் தம்பி யாரைக் கூட்டிட்டுப் போறான்?"

அவள் கோப்பையை வைத்துவிட்டு மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். "கோல்பியை."

கோல்பி டுவைட்டின் மகளைக் கட்டியவன். கால், கை, கண் எல்லாம் நன்றாக இருக்கிற முப்பது வயது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஈஸ்டர் முடிஞ்சதும் அவனே உங்கிட்ட சொல்றேன்னான். நான் எதுக்கு நடுவுல..."

"நடுவுலதானே நாப்பது வருஷமா இருக்கே."

ஈஸ்டர் வந்தது. தொத்திறைச்சி, பியரோகிக் கொழுக்கட்டை, முட்டை என்று மேஜை நிறைந்தது. டுவைட் எதிரே உட்கார்ந்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான், சொல்லவில்லை.

ஆர்லன் வேலையை நிறுத்தவில்லை. பத்தையும் முடித்தார், எப்போதையும்விட நன்றாக. மட்டமாகச் செய்திருக்கலாமே என்று நான் ஒருநாள் மெதுவாகச் சொன்னேன். "ஏழு நட்டுல குனியற கொடியை என் கையால செஞ்சா, அது அவன் படகுல இருந்தாலும் என் கொடிதானே?" என்றார். தெருவோர வடிகாலில் பனி உருகிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குட்டைத் தூண்டிலில் ஒவ்வொரு பலகையாகக் கட்டி அதில் விட்டு, கரையோரம் வேகமாக நடந்து சோதித்தார். பலகை விலகி எதிர்க்கரைப் பக்கம் ஓடும். அவர் மடங்குகிற முழங்காலோடு இந்தக் கரையில் ஓடுவார். தபால்காரர் வண்டியை நிறுத்திக் கத்தினார்: "என்ன ஆர்லன், பலகையை ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போறியா?"

"ஆமா, உன் நாய்க்கு இருக்கற பழக்கம் இதுக்கு இல்ல, வீட்டுக்குள்ள போகாது!"

தபால்காரர் போனதும் முகம் பழையபடி ஆகிவிட்டது. கொடி சாய்கிறதா என்று என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். கலங்கல் தண்ணீரில் அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் ஸ்பிரிங்கைத் திருத்தினார்.

போட்டிக்கு முந்திய வியாழக்கிழமை டுவைட் பெட்டியை எடுக்க வந்தான்.

"மச்சான், கை நடுங்காம முடிச்சிட்டியா?"

"உன் நாக்கு கொஞ்சம் நடுங்கினா ஊரே நிம்மதியா இருக்கும் மாப்ளே."

டுவைட் சிரித்தான். ஒரு பலகையை எடுத்துக் கொடியைச் சுண்டிப் பார்த்தான். "பிரமாதம். உன்னை மாதிரி யாரு செய்வா?"

ஆர்லன் பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏற்ற உதவினார். ஏற்றிவிட்டுக் கேட்டார். "சனிக்கிழமை நான் இடப்பக்கம் நிக்கட்டுமா, வலப்பக்கமா?"

வாய்ப்புக் கொடுத்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். டுவைட் வண்டியின் பின்கதவைச் சாத்தினான், மறுபடி திறந்து சாத்தினான்.

"அது... காத்தைப் பொறுத்துப் பாத்துக்கலாம் மச்சான். ராத்திரி போன் பண்றேன்."

"காத்து எந்தப் பக்கம்னு தெரிஞ்சுபோச்சு. நீ கிளம்பு."

போன் வரவில்லை. சனிக்கிழமை காலை ஆர்லன் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல் படியில் ஏழு மணிவரை உட்கார்ந்திருந்தார். படகுகள் ஆறு மணிக்கே போய்விட்டிருந்தன.

டுவைட்டும் கோல்பியும் முதல் பரிசு வாங்கினார்கள்.

மாலை முன்னாள் படைவீரர் மன்றத்தில் விருந்து. பொரித்த பெர்ச் மீன், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். வரமாட்டேன் என்றவரை லோரீன், "வராம இருந்தா ஊரு என்ன பேசும்?" என்று இழுத்து வந்தாள். நானும் அதே மேஜையில் இருந்தேன். டுவைட் மைக்கைப் பிடித்தான்.

"இந்தக் கோப்பையில பாதி என் மச்சான் ஆர்லனுக்கு. இந்த வருஷம் அவரா வந்து, 'மாப்ளே, எனக்கு வயசாச்சு, சின்னப் பசங்களுக்கு வழி விடறேன்'னு சொல்லி, தன் இடத்தைக் கோல்பிக்குக் குடுத்தாரு. அது மட்டுமா, பத்துப் பலகையும் தன் கையால செஞ்சு குடுத்தாரு. இன்னிக்கு ஒரு மீன் கவ்வினதுகூட எங்களுக்குத் தெரியாமப் போகல. எந்திரி மச்சான்!"

மன்றமே எழுந்து கை தட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லோரீன் தட்டினாள். நானும் தட்டினேன், எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருக்கும் துணிச்சல் எனக்கு எந்த ஊரிலும் வந்ததில்லை. ஆர்லன் மேஜையைப் பிடித்து எழுந்தார், தொப்பியைத் தூக்கினார், உட்கார்ந்தார். மறுத்துப் பேசினால் மைத்துனனைச் சபையில் பொய்யன் ஆக்க வேண்டும். கூடவே ஏன் கொடி சிவப்பு என்பதையும் சொல்ல வேண்டும்.

டுவைட் மேஜைக்கு வந்து குனிந்தான். "கோவமா மச்சான்?"

"நான் விலகின விஷயம் எனக்கே உன் மைக்குலதான் தெரிஞ்சுது. முன்னாடியே சொல்லியிருந்தா நானும் நல்லா கை தட்டியிருப்பேன்."

"நீ வேற..." என்று தோளைத் தட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனான். மீன் ஆறிப்போயிருந்தது. ஆர்லன் முழுவதையும் சாப்பிட்டார்.

அந்தப் பேச்சின் பலன் அடுத்த வாரமே வாசலில் வந்து இறங்கியது. ஒருவர் பின் ஒருவராகப் பெட்டிகள். எங்களுக்கும் அதே மாதிரி செய்து கொடு ஆர்லன், நீதான் படகில் போவதில்லையே, நேரம் இருக்குமே. யாரும் தங்கள் படகுக்குக் கூப்பிடவில்லை. மனமுவந்து விலகியவரைக் கூப்பிடுவது மரியாதை இல்லை அல்லவா? அவர் செய்து கொடுத்தார், ஒரே நிபந்தனையோடு.

"கொடி கறுப்பு வெள்ளைக் கட்டம்தான். பிடிக்கலேன்னா கடையில போய் வாங்கிக்கோ."

முதல் பரிசுப் பலகை செய்தவர் சொன்னால் காரணம் இருக்கும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த ஏப்ரலில் எங்கள் கரையில் பாதிப் படகுகளின் இரு பக்கமும் கட்டம் போட்ட கொடிகள்.

போட்டியன்று அவர் அலைதடுப்புச் சுவரின் முனையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார், கழுத்தில் பைனாகுலர். அவர் முழங்காலுக்காக நான் கூடப் போனேன், கையில் இன்னொரு பைனாகுலர். காற்று தெற்கே திரும்பி, படகுகள் கரைக்கு அரை மைலுக்குள் வந்தன.

"அந்த நீலப் படகு, வெளிப்பக்கத்துலேருந்து ரெண்டாவது" என்றார். "மாட்டியிருக்கு. பின்னால பாருடா மடையா. பின்னால பாரு." நீலப் படகில் இருந்தவன் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். இரண்டு நிமிஷம் கழித்துத்தான் திரும்பி, குதித்து எழுந்தான். அடுத்த படகு, அதற்கடுத்தது என்று, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். யாருக்கும் கேட்கவில்லை.

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் இதைக் கவனித்துவிட்டு, நடுவே வரும் வெள்ளைப் படகைக் காட்டிக் கேட்டார். "அது டுவைட் படகுதானே? பெரியவரே, அவனுக்கு ஏதாவது மாட்டியிருக்கா?"

நான் என்னுடையதில் பார்த்தேன். இடப்பக்கம் மூன்றாவது பலகையில் சிவப்புக் கொடி நன்றாகச் சாய்ந்திருந்தது. படகில் யாரும் பார்க்கவில்லை.

ஆர்லன் தன் பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பி வெகுநேரம் வைத்திருந்தார்.

"தெரியலையே" என்றார்.

அந்த ஆள் என்னைப் பார்த்தார். நானும் தெரியவில்லை என்றேன்.