எண் கிடைக்காதவை

எழுபதுகளில், என் தங்கைக்குப் பிரசவமாகியிருந்தபோது, சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவரைச் சந்தித்தேன். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். சட்டையில் தீவன வாடை அடித்தது. குறைமாதக் குழந்தைகள் இருந்த அறையின் கதவு திறக்கும்போதெல்லாம், தோளில் கிடந்த துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நிற்பார். நர்ஸ் வேறு யாரையாவது கூப்பிட்டால் உட்கார்ந்துவிடுவார்.

உள்ளே அவருடைய மகன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். இன்றைய பொழுது தாண்டட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

"பேர் வெச்சாச்சுங்களா?" என்று கேட்டேன்.

"பொழைச்சு ஊட்டுக்கு வரட்டுமுங்க. அப்பறந்தான் பேரெல்லாம்."

அவர் மனதைத் திருப்பலாமென்று, கையிலிருந்த விஞ்ஞானப் பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன். "அமெரிக்காவுலயும் இப்படித்தானுங்க. சில விண்கலத்துக்குத் தரையில நிக்கற வரைக்கும் வெறும் எழுத்துதான். நல்லபடியா மேல போனாத்தான் நம்பர் குடுப்பாங்க."

"பாதியில உழுந்துட்டா?"

"அதுக்கு நம்பர் இல்லீங்க. அடுத்ததா போறதுக்கு அந்த நம்பரக் குடுத்துருவாங்க."

அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கு முன்னால ரெண்டு தங்கலீங்க. ஆனா எம்பட ஊட்டுக்காரி இவன மூணாவதுன்னுதான் சொல்றா."

நான் பத்திரிகையை மூடினேன்.

கதவு திறந்தது. துண்டு கக்கத்துக்குப் போனது. இந்த முறை நர்ஸ் அவரைத்தான் கூப்பிட்டாள். அவர் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. தங்கையை அழைத்துப்போக வந்த கார் கீழே ஹாரன் அடித்தது.

அந்தப் பையனுக்குப் பெயர் வைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. அவன் மூன்றாவது என்பது மட்டும் தெரியும்.