காக்ஸ் டவுனில் அறுநூற்று இருபத்திரண்டு செர்ரி

ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை, காலை 6.50.

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் பொதுப்பெட்டிச் சீட்டு எழுபது ரூபாய். நான் இறங்க வேண்டிய கண்டோன்மென்ட் நிலையம் ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர். நாற்பத்தேழு வயதில், துணைக்கு யாரும் இல்லாமல் நான் ரயில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. சீட்டு கொடுத்தவரிடம் எந்த நடைமேடை என்று கேட்கவும் கூச்சமாக இருந்தது. கூட்டம் போன பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். அதிர்ஷ்டவசமாக அதுவே சரியான நடைமேடை.

கையில் இரண்டு பைகள். ஒன்றில் மாற்றுப் புடவை. இன்னொன்றில் இரண்டு கிலோ செர்ரியும் என் ஊசியும். பழைய குடைக்கம்பியின் நுனியைத் தட்டி வளைத்து, மரப்பிடியில் செருகிய ஊசி அது. எங்கள் ஊரில் ஒரு சின்னக் கம்பெனியில் பதினாறு வருடமாக எனக்கு வேலை செர்ரிக்குக் கொட்டை எடுப்பது. பன்னின் தலையில் சிவப்பாக ஒரு அரைத் துண்டு பதித்திருப்பார்களே, அது எங்களிடமிருந்து போவதாக இருக்கலாம். காயைக் கீறி, ஊசியால் கொட்டையை வழித்து, சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊற வைப்போம். புதரில் இருக்கும்வரை அதற்குக் களாக்காய் என்று பெயர். கூடையில் வந்து இறங்கியதும் செர்ரி. நெல் அரிசியாவதுபோல இதுவும் ஒன்று என்று நினைத்திருந்தேன். எனக்கு அதில் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

என்னை அழைத்தது ரோசலி அண்ணி, என் வீட்டுக்காரரின் அக்கா. காக்ஸ் டவுனில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். செவ்வாய்க்கிழமை போன் செய்து, "செல்வி, அஞ்சு கிலோ செர்ரி சொல்லியிருக்கேன். கொட்டை எடுக்கணும். நீ வந்தாத்தான் ஆகும்" என்றார். போன வருடம் அவர் செய்த கேக்கில் ஒரே ஒரு கொட்டை தங்கிப்போய், பின் தெரு டீச்சரம்மாவின் பல் உடைந்துவிட்டது. அதே டீச்சரம்மா இப்போது தன் வீட்டுக்காரரின் அறுபதாவது பிறந்தநாளுக்கு எட்டு கேக் கேட்டிருக்கிறார். அண்ணிக்கோ கண்புரை ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம்தான் ஆகிறது. "இன்னொரு பல்லு போச்சுன்னா, இந்தத் தெருவுல என் கையால ரஸ்க் கூட எவளும் வாங்க மாட்டா" என்றார். நான் "ம்" என்றேன். அண்ணியிடம் நான் அதிகம் பேசியதெல்லாம் அந்த "ம்"தான்.

காலை 8.10.

குப்பத்தில் பெயர்ப்பலகை தெலுங்குக்கு மாறியது. பங்காருபேட்டையில் கன்னடம். இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று மாநிலம். எதிரே இருந்த அம்மாள் இதையெல்லாம் கவனிக்காமல் பூ கட்டிக்கொண்டே வந்தார். எனக்கு மட்டும் வாய் மூடவில்லை. ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் கட்டடங்கள் நெருங்கி வந்தன. ஒரு கட்டடம் முழுக்கக் கண்ணாடி. அதில் எங்கள் ரயில் முழுசாக ஓடியது. எந்த ஜன்னலில் நான் இருக்கிறேன் என்று தேடுவதற்குள் கட்டடம் முடிந்துவிட்டது.

காலை 9.45.

கண்டோன்மென்ட் வாசலில் ஆட்டோக்காரர் நூற்றிருபது ரூபாய் கேட்டார். பேரம் பேச நாக்கு எழவில்லை. ஏறி உட்கார்ந்தேன். மூன்று கிலோமீட்டர் கூட இராது. பாதி வழியில் அவர் கண்ணாடியில் என் பையைப் பார்த்தார்.

"கவளேகாயா அது? ஊறுகா போடவாம்மா?"

"இல்லைங்க, செர்ரி."

வண்டியை மெதுவாக்கித் திரும்பியே பார்த்துவிட்டார். "செர்ரியா? யார்மா உங்ககிட்ட சொன்னது? எங்க அம்மா ஊர்ல கன்னடத்துல இதுக்குக் கவளேகாய்னு பேரு. தமிழ்ல களாக்காய். செர்ரி இப்பத்தான் மார்க்கெட்டுக்கு வந்திருக்கு, காஷ்மீர்லருந்து. சின்ன டப்பா எரநூறு ரூபா."

கேலி செய்கிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்து வெளியே பார்த்துக்கொண்டேன். தேவாலயத்துக்குப் பக்கத்தில் இறங்கும்போது அவரே இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். "சிரிக்க வச்சதுக்கு" என்றார்.

காலை 10.15.

அண்ணி கறுப்புக் கண்ணாடியோடு கதவைத் திறந்தார். பையைக் கொடுத்தேன். கை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"என்னடி இது, களாக்காய்?"

"செர்ரி அண்ணி. அஞ்சு கிலோ பத்தலைன்னா இருக்கட்டும்னு..."

அண்ணி ஒரு காயை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ, கண்ணுல தண்ணி வரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பதினாறு வருஷமா செர்ரி செர்ரின்னியே, இதையாடி? உள்ள வா. சும்னே நிக்காத." "சும்மா" அவர் வாயில் கன்னடமாகியிருந்தது.

குளிர்பெட்டியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

அந்தப் பழத்தை எப்படிச் சொல்வது? கறுப்பா சிவப்பா என்று தெரியாத நிறம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சிவப்பு, கீழே வைத்தால் கறுப்பு. ஒவ்வொன்றுக்கும் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் காம்பு. தோல் அவ்வளவு பளபளப்பாக இருந்ததால் ஜன்னல் கம்பிகள் ஒவ்வொரு பழத்திலும் சின்னதாகத் தெரிந்தன. ஒன்றை வாயில் போட்டேன். களாக்காயின் புளிப்பை எதிர்பார்த்த நாக்கு ஏமாந்து, பிறகு மெல்ல மெல்லச் சந்தோஷப்பட்டது. உள்ளே ஒரே ஒரு கொட்டை. உருண்டையாக, நட்டநடுவில். களாக்காயில் நாலு இருக்கும், ஆறு இருக்கும், இஷ்டப்பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பழத்துக்குள் இப்படி ஒரு ஒழுங்கை நான் கண்டதில்லை.

நான் ஊசியை எடுத்தேன். அண்ணி அதை வாங்கி அலமாரியின் மேல் வைத்துவிட்டு, ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

"இது கொட்டை மிஷின். ஆன்லைன்ல வாங்கினேன், எண்ணூத்தித் தொண்ணூத்தி ஒம்போது."

சாப்பாட்டு டப்பா அளவுதான். மேலே ஒரு தட்டு, அதில் ஆறு குழி. குழிக்கு அடியில் ரப்பர் வளையம், அதன் நடுவில் ஓட்டை. மூடியில் ஆறு முனை, ஒவ்வொன்றும் ஒரு குழிக்கு நேராக. காம்பைக் கிள்ளிவிட்டு, குழிக்கு ஒரு பழம் வைத்து, மூடியை அமுக்க வேண்டும். அவ்வளவுதான். அமுக்கினேன். சதை இறுகி, ஒரு கணம் தாங்கி, பிறகு விட்டுக்கொடுத்தது. அடியில் இருந்த பெட்டிக்குள் ஆறு கொட்டைகள் விழும் சத்தம். மூடியைத் தூக்கினால் ஆறு பழமும் உருக்குலையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தன, நடுவில் ஒரு சின்ன ஓட்டையோடு.

பெட்டியை இழுத்துப் பார்த்தேன். ஆறு. திரும்பவும் அமுக்கினேன். பன்னிரண்டு. என் ஊசிக்கு ஒரு காய் முடியும் நேரத்தில் இதற்கு ஆறு பழம் முடிந்து, அடுத்த ஆறுக்கு வாய் திறந்து காத்திருந்தது. எனக்குக் கோபமோ வருத்தமோ வரவில்லை. இதை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. யாரோ ஒருவர் இந்தப் பழத்தின் கொட்டை எப்போதும் நடுவில்தான் இருக்கும் என்று நம்பியிருக்கிறார். ஒன்றை நம்பியதோடு நிற்காமல், ஒரே நேரத்தில் ஆறை நம்பியிருக்கிறார்.

"என்னடி, மிஷினைக் கும்பிடப் போறியா? வேலையைப் பாரு" என்றார் அண்ணி.

பகல் 11 முதல் 1 வரை.

அடிபட்டதையும் அழுகியதையும் முதலில் பொறுக்கி வெளியே எடுத்தேன். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். ஒவ்வொரு தட்டு முடிந்ததும் ஒரு காயை ஓரமாக எடுத்து வைப்போம், எத்தனை தட்டு என்று மறக்காமல் இருக்க. கை அதே பழக்கத்தில் போயிற்று. பத்துத் தடவை அமுக்கினால் ஒரு களாக்காயை எடுத்து மேசையோரம் வைத்தேன். வாய் மூடி வேலை செய்கிறவளுக்கு இந்தக் கணக்கு ஒரு பேச்சுத் துணை.

கை மணிக்கட்டுவரை சிவந்துபோனது. களாக்காய்ப் பால் விரலைப் பிசுபிசுக்க வைக்கும், கறுக்க வைக்கும். இது மருதாணி வைத்ததுபோல இருந்தது. அண்ணி கொட்டை நீக்கிய பழங்களை அவ்வப்போது அள்ளிக்கொண்டுபோய் இரண்டு அகலப் பாத்திரங்களில் சர்க்கரையோடு வேக வைத்தார். போகிற போக்கில் இரண்டு பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

முடிவில் பத்துக் களாக்காய். அதற்குமேல் முழுசாக மூன்று தடவை. நாலாவது தடவை நாலே பழம். அறுநூற்று இருபத்திரண்டு.

பகல் 2.30.

சாப்பிட்டுவிட்டு அண்ணி படுத்தார். நான் கொட்டைகளைக் கழுவி, தாம்பாளத்தில் கொட்டி, பத்துப் பத்தாகக் கூறு கட்டினேன். அறுபத்திரண்டு கூறு. மீதி ஒன்று.

அறுநூற்று இருபத்தொன்று.

தரையில் தேடினேன். மிஷினைக் கழற்றி, வளையம் வளையமாகத் தடவினேன். மேசைக்கடியில் மண்டியிட்டேன். மறுபடி எண்ணினேன். அறுநூற்று இருபத்தொன்று. இரண்டு பாத்திரங்களும் ஜன்னலோரம் ஆறிக்கொண்டிருந்தன. கேக்குகள் அடுக்கில் தயாராக இருந்தன. எழுந்ததும் அண்ணி அவற்றின் நடுவில் பழத்தை வைத்து க்ரீம் பூசிவிடுவார். அதற்குப் பிறகு எட்டு கேக்கில் எந்தத் துண்டில் யார் பல்லுக்கு என்று யாருக்கும் தெரியாது.

நான் தப்பாகக் கணக்கு வைத்திருக்கலாம். ஒரு களாக்காயைத் தப்பாக வைத்திருந்தால் அறுபது குறையும், ஒன்று குறையாது. நான் சொன்னால் அண்ணி திட்டுவார். சொல்லாவிட்டால் நாளை மாலை ஊருக்குப் போய்விடுவேன். அந்த முக்கால் மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, நூற்று நாற்பது கிலோமீட்டரை விட நீளமான பயணம்.

அண்ணி எழுந்து கையைக் கழுவினார். கரண்டியை எடுத்தார்.

"அண்ணி, வைக்காதீங்க. ஒரு கொட்டை குறையுது."

"என்ன குறையுது?"

சொன்னேன்.

"நான் ரெண்டு பழம் தின்னேன்டி. அதான் குறையுது."

"பழத்தைத்தான் தின்னீங்க அண்ணி. கொட்டை பெட்டியிலதான் விழுந்திருக்கும். தின்னாலும் தின்னாட்டியும் கொட்டை அறுநூத்தி இருபத்திரண்டு இருக்கணும்."

இவ்வளவு நீளமாக நான் பேசி அவர் கேட்டதில்லை. கறுப்புக் கண்ணாடி என் பக்கமே திரும்பியிருந்தது. "மணி மூணரை ஆகுது" என்றார். "எண்ணினதுல நீ தப்பு பண்ணியிருந்தா?"

"ரெண்டு தடவை எண்ணினேன். அந்தப் பாத்திரத்துலதான் இருக்கு அண்ணி. எனக்குத் தெரியும்."

அண்ணி கரண்டியை வைத்துவிட்டு, பெரிய தட்டு இரண்டை எடுத்து மேசையில் போட்டார். "உக்காரு. இதுக்குக் கண்ணு வேணாம், விரல் போதும்."

எதிரெதிரே உட்கார்ந்தோம். வெந்த பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெதுவாக அமுக்கி, மறுதட்டில் வைத்தோம். முதல் பாத்திரம் முடிந்தது. ஒன்றுமில்லை. இரண்டாவது பாதி ஆயிற்று. தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார், திரும்பியும் வந்துவிட்டார்.

அண்ணியின் விரல் நின்றது.

ஒரு பழத்தைத் திரும்ப அமுக்கினார். பிறகு மேசையைச் சுற்றி வந்து, என் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தார். சின்னப் பழம். மிஷின் குழியில் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். முனை கொட்டையின் பக்கத்தில் உரசிக்கொண்டு போயிருக்கிறது. ஓட்டை இருந்தது, கொட்டையும் இருந்தது.

"அறுநூத்தி இருபத்திரண்டு" என்றார் அண்ணி.

மீதியையும் விடாமல் பார்த்தோம். கேக் பூசி முடிக்கும்போது மணி ஆறரை. அதுவரை என்னைக் கூப்பிட வேண்டியபோதெல்லாம் "டி" போடாமல் "செல்வி" என்றே கூப்பிட்டார். எனக்கு அதுவும் கூச்சமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை, காலை 9 மணி.

நான் கேட்டுக்கொண்டதால் அண்ணி மிஷினில் ஆறு களாக்காய் வைக்க விட்டார். அமுக்கினேன். நடுவில் அழகாக ஆறு ஓட்டை. கொட்டைகள் எல்லாம் இரண்டு பக்கமும் ஒதுங்கிக்கொண்டு அப்படியே இருந்தன. முனையெல்லாம் பால் ஒட்டிக்கொண்டது. அண்ணி திட்டிக்கொண்டே அரை மணி நேரம் கழுவினார். மீதிக் காயை ஊறுகாய்க்கு நறுக்கினார். நான் அலமாரியின் மேலிருந்த என் ஊசியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாலை 4.20.

மதியம் டீச்சரம்மா வீட்டு ஆட்கள் எட்டு கேக்கையும் எடுத்துப் போனார்கள். என் கல்யாணத்துக்குப் பிறகு அண்ணி யாரையும் ரயிலடிக்கு வந்து வழியனுப்பி நான் பார்த்ததில்லை. அன்று கறுப்புக் கண்ணாடியோடு கண்டோன்மென்ட் நடைமேடைக்கு வந்தார். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக, கடையில் வாங்கிய ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். உள்ளே காம்போடு செர்ரி.

"கொட்டையோட இருக்கு. பாத்துத் தின்னு."

திங்கள்கிழமை.

வேலைக்குக் கிளம்பும்போது அண்ணியின் போன். "நேத்து டீச்சரம்மா ரெண்டு துண்டு தின்னாங்களாம். ஒவ்வொரு வாயையும் நிறுத்தி நிறுத்தித் தின்னாங்களாம் பாவம். அடுத்த மாசம் மகளுக்கு நிச்சயமாம், பத்து கேக். நீ எப்ப வர?"

"ம்" என்றேன். பிறகு, "வரேன் அண்ணி, முன்கூட்டியே சொல்லுங்க" என்றும் சொன்னேன்.

கம்பெனியில் டப்பாவைத் திறந்தேன். எங்கள் வரிசையில் என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். எண்ணி எடுத்து வந்த பழமும் பதினொன்று. யாரும் உடனே தின்னவில்லை. காம்பைப் பிடித்து வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்தார்கள். "இதுவா செர்ரி, அப்ப இது என்ன?" என்று ஒருத்தி முன்னால் குவிந்திருந்த காய்களைக் காட்டினாள். "இதுவும் செர்ரிதான்" என்றேன்.

தின்று முடித்து அவரவர் கொட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எறிய யாருக்கும் மனம் வரவில்லை. டப்பாவை நீட்டினேன். ஒவ்வொன்றாக விழுந்த சத்தத்தை எண்ணினேன்.

பதினொன்று.