ஐந்தால் வகுத்த அதிகாரி

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் தந்தி அடிக்கும் வேலையில் இருந்தேன். டைப்ரைட்டர் மாதிரி ஒரு மெஷின், டெலிபிரின்டர் என்று பெயர். இங்கே தட்டினால் வேலூரில் இருக்கும் மெஷினில் அதே எழுத்து அச்சாகும். பகல் ஷிப்டில் நானும், என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்காவும். அக்காவின் கணவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டிருந்தார்.

அந்த வருஷம் தீபத்துக்கு முந்தின நாள், மலை சுற்ற வந்த ஒரு பெரியவர் செங்கம் ரோட்டில் விழுந்து இறந்துபோனார். பம்பாயில் இருந்த மகனுக்குத் தந்தி கொடுக்க உறவுக்காரர் காலையிலேயே வந்துவிட்டார். ஆனால் மழையில் வேலூர் லைன் அறுந்து கிடந்தது. சாயங்காலம் லைன் வந்ததும் நான் முதலில் அடித்தது அந்தத் தந்தியைத்தான். மகன் வந்து சேர்வதற்குள் எரித்துவிட்டார்கள். புகார் எழுதினார். எழுதாமல் என்ன செய்வார்? அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை.

கோபமெல்லாம் விசாரிக்க வந்த அதிகாரிமேல்தான். லைன் அறுந்த நேரமும் வந்த நேரமும் ரிஜிஸ்டரில் இருந்தன. அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. லைன்தான் காரணம் என்று எழுதினால், லைனைப் பராமரிக்கிற, அவரோடு சரிசமமாக உட்காருகிற அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டிவரும். அதனால் லைன் வந்த பிறகு நாங்கள் எத்தனை தந்தி அடித்தோம் என்று எண்ண ஆரம்பித்தார்.

"இந்த மெஷின் ஸ்பீடு அம்பது பாட். அப்படீன்னா வினாடிக்கு அம்பது துடிப்பு. ஒரு எழுத்துக்கு அஞ்சு துடிப்பு. அப்போ வினாடிக்குப் பத்து எழுத்து, நிமிஷத்துக்கு அறுநூறு. ஆறு எழுத்து ஒரு வார்த்தைன்னா நூறு வார்த்தை போகணும். நீங்க அதுல பாதி அடிச்சிருக்கீங்க. உக்காந்து கதை பேசினீங்களா?"

"சார், எழுத்துக்கு அஞ்சு இல்ல, ஏழரை" என்றேன். "எழுத்து ஆரம்பிக்குதுன்னு சொல்ல ஒண்ணு, முடிஞ்சதுன்னு சொல்ல ஒண்ணரை. அம்பதை ஏழரையால வகுங்க. நிமிஷத்துக்கு நானூறு எழுத்துதான் வரும், அறுபத்தாறு வார்த்தை. அதுக்கு மேல அடிக்க இந்த மெஷினாலயே முடியாது."

"எனக்கே பாடம் நடத்துறியாம்மா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

மறுநாள் இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. வேலையில் மெத்தனம், விளக்கம் தரவும். நான் பதில் எழுத உட்கார்ந்தபோது அக்கா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டிருந்தார். மெதுவாக வேலை செய்தது தப்புதான், மன்னிக்கவும் என்று.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? கணக்கே தப்புன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? உனக்கு முன்னாடியே நான் அவர்கிட்ட ஏழரைன்னு சொன்னேன். கையெழுத்து போடு, இல்லேன்னா ராமநாதபுரம் பக்கம் தூக்கிப் போட்டுடுவேன்னார். எங்க வீட்டுக்காரரை இந்த நிலைமையில நான் எங்க தூக்கிட்டுப் போறது?"

அக்காவிடம் கத்தினதற்காக வெட்கப்பட்டேன். அந்த ஆள்மேல் இருந்த ஆத்திரம் இரண்டு மடங்கானது.

அடுத்த தடவை அவர் வந்தபோது சரியாக அறுநூறு எழுத்தைக் காகித நாடாவில் ஓட்டை போட்டுத் தயாராக வைத்திருந்தேன். நாடாவைக் கோர்த்துவிட்டால் ஆள் தட்ட வேண்டாம், மெஷின் தன் முழு வேகத்தில் தானாகவே அனுப்பும்.

"சார், வாட்சைப் பாருங்க. உங்க கணக்குப்படி ஒரு நிமிஷத்துல இது முடியணும்."

ஆபீஸ் முழுக்கச் சுற்றி நின்றது. ஒரு நிமிஷம் ஆனது. நாடாவில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. முழுசும் உள்ளே போக ஒன்றரை நிமிஷம் பிடித்தது.

அவர் கைக்கடிகாரத்தைச் சட்டைக்கையால் மூடிக்கொண்டார். "மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார். மெக்கானிக் வந்து பார்த்து, கோளாறு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. என் விளக்கம் ஏற்கப்பட்டது. அக்கா குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டதால் அவருக்கு எச்சரிக்கை. ஒரே அறை, ஒரே மெஷின், ஒரே கணக்கு! எனக்குச் சரியாக இருந்த ஏழரை அவருக்கு மட்டும் எப்படித் தப்பாகும்? மூன்று மனு எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. நேரில் போய்க் கேட்டதற்கு, "அவங்களே ஒத்துக்கிட்டாங்களேம்மா" என்றார்கள்.

அதிகாரி பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போனார். வழியனுப்பு விழாவில் மாலை போட என்னைக் கூப்பிட்டார்கள். முடியாது என்றேன். பக்கத்து ஹாலில் கைதட்டல் கேட்டது. அக்கா எழுந்துபோய் எங்கள் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து தன் மெஷினில் உட்கார்ந்தார்.