பாத்தேக் சட்டை போட்ட புதுப் பட்டதாரி

போன வருடம் தீபாவளி முடிந்த வாரம், மெர்கோங்கில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது இது. அன்றைக்கு நான் ஒரு புதுப் பட்டதாரி. வயது நாற்பத்தேழு.

சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். குருணில் ஒரு ஃபேக்டரியில் இருபது வருடமாக டெக்னீஷியன் வேலை எனக்கு. சனி, ஞாயிறுகளில் படித்து, பிள்ளைகளின் பரீட்சையும் என் பரீட்சையும் ஒரே மாதத்தில் வந்து, ஒரு வழியாக டிகிரி வாங்கினேன். ஃபேக்டரியில் காட்டினேன். கைகுலுக்கினார்கள். மறுநாள் அதே கையில் பழைய ஸ்பேனரைக் கொடுத்தார்கள்.

அப்போதுதான் இன்னொரு பெரிய கம்பெனி புதுப் பட்டதாரிகளுக்குப் பயிற்சித் திட்டம் நடத்துவது தெரிந்தது. தேர்வானால் ஒரு வருடம் பயிற்சி, பிறகு எக்ஸிகியூட்டிவ் வேலை. டிகிரி வாங்கி இரண்டு வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

"வயசு கேட்டிருக்கானா?" என்றாள் மனைவி.

"கேக்கல."

"அப்பறம் என்னங்க. கேக்காததுக்கு நாம ஏன் பதில் சொல்லணும்?"

அடையாள அட்டையின் ஐசி நம்பரிலேயே பிறந்த வருடம் இருப்பது இரண்டு புத்திசாலிகளுக்கும் தோன்றவில்லை.

எப்படியோ கடைசிக் கட்டத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். ஃபார்மல் உடையில் வரவேண்டுமாம். எங்கள் பக்கம் நாற்பது தாண்டிய ஆம்பிளைக்கு ஃபார்மல் என்றால் ஒன்றுதான், பளபளவென்று பூப்போட்ட முழுக்கை பாத்தேக் சட்டை. கல்யாணம், கோயில் பொதுக்கூட்டம், பள்ளிப் பரிசளிப்பு எல்லாவற்றுக்கும் அதுதான். மனைவி மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

மண்டபத்தில் போய்ப் பார்த்தால் எல்லாம் என் பிள்ளை வயதுப் பிள்ளைகள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. வரவேற்பு மேசையிலிருந்த பெண் என் பாத்தேக்கைப் பார்த்தாள், மீசையைப் பார்த்தாள், தொப்பையைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து, பெயர்கூடக் கேட்காமல் முன்வரிசை சோஃபாவுக்கு அழைத்துப் போனாள். மூடி போட்ட கோப்பையில் தேத்தண்ணீர், தட்டு நிறைய, உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப். பயிற்சிக்கு வந்தவனுக்கே இந்த மரியாதையா, இந்தக் கம்பெனியை விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே இரண்டாவது கறிபாப்பைக் கடித்தேன்.

கடித்தபடியே திரும்பிப் பார்த்தேன். மற்ற பிள்ளைகள் குழு குழுவாக வட்ட மேசைகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று எழப் போனேன். அதற்குள் அந்தப் பெண் மைக்கைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, "துவான், தொடங்கலாம்" என்று மலாயில் ஐயா போட்டுச் சொல்லிவிட்டாள். தலைமையகத்திலிருந்து வரவேண்டிய மேலதிகாரி நான்தான் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். மண்டபமே எழுந்து நின்று எனக்குக் காலை வணக்கம் சொன்னது.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வாய் நிறையக் கறிபாப். அதை விழுங்குவதற்குள் மூளை வேலை செய்வதை நிறுத்திவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை. எங்கள் ஃபேக்டரியில் ஷிஃப்ட் தொடங்குமுன் வரிசையாக நிற்க வைத்து ஆள் பார்ப்போம். ரப்பர் தோட்டத்துப் பழக்கத்தில் அதை இன்னமும் பெரட்டு என்றுதான் சொல்லுவோம். இருபது வருடம் கேட்ட அந்தப் பெரட்டு என் வாயிலிருந்து தானாக வர ஆரம்பித்தது.

யார் யார் இன்னும் சாப்பிடவில்லை என்று கேட்டேன். பாதிப்பேர் கை தூக்கினார்கள். தட்டிலிருந்த கறிபாப்பைப் பங்கு வைக்கச் சொன்னேன். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டேன். அடுத்து, "ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறதா, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். அத்தனை பேரும் குனிந்து தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். ஒரு பெண் குறிப்புகூட எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. முப்பது, முப்பத்தைந்து வயதில் ஒரு மலாய்ப் பெண், சாதாரண நீலச் சட்டையில், சாலை நெரிசலுக்கு மன்னிப்புக் கேட்டபடி வேகமாக உள்ளே வந்தார். கழுத்தில் கம்பெனி அட்டை. அவர் என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்த்தேன்.

"நானும் தேர்வுக்கு வந்தவன்தான்" என்றேன். மைக் கையிலேயே இருந்ததால் மண்டபம் அதை இன்னொரு தரம் எதிரொலித்துச் சொன்னது. சிரிப்பு வெடித்தது. இருபது வருட ஆசை அவ்வளவுதான் என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

கார் நிறுத்துமிடத்தில் சாவியைப் போட்டுப் போட்டுத் திருகுகிறேன், கதவு திறக்கவில்லை. திடீரென்று கார் அலற ஆரம்பித்தது.

"அங்கிள், அது உங்க காடியா?"

திரும்பினேன். குறிப்பு எடுத்த அதே பெண். யான் என்கிற ஊரிலிருந்து வந்தவள் என்று பிறகு தெரிந்தது.

"இல்லம்மா. என்னுது பக்கத்துல நிக்குது."

"அப்ப ஏன் இத திருடுறீங்க? வாங்க உள்ள. எங்க மேசைல ஒரு ஆளு குறையுது."

"எல்லாரும் சிரிச்சிட்டாங்கம்மா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர?"

"சிரிச்சோம்தான். நான் புக்குல ஹெல்மெட்டுன்னு எழுதி வச்சிருக்கேன், என்னையுந்தான் சிரிச்சாங்க. ஆளு குறைஞ்சா மேசையோட சேத்து கழிச்சிடுவாங்களாம். வாங்க லா அங்கிள், என் வாழ்க்கைய கெடுத்துடாதீங்க."

நான் கெட்டால் பரவாயில்லை, அடுத்த வீட்டுப் பிள்ளை கெடலாமா? அலறும் காரை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன்.

உள்ளே நான் ஒன்றும் சாதித்துவிடவில்லை. பழைய பேப்பரையும் டேப்பையும் கொடுத்துக் கோபுரம் கட்டச் சொன்னார்கள். நான் பிடித்திருந்த பக்கம்தான் முதலில் சாய்ந்தது. நேர்காணலில் வயதை மறைக்க நான் வளைந்து நெளிந்து பேசியதை அந்த மேலதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஐசி நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டோம் என்றார். இரண்டு வாரத்தில் அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் இடம் கிடைத்த செய்தி வந்தது. இப்போது சேர்ந்துதான் பயிற்சி எடுக்கிறோம். கூட இருக்கும் பிள்ளைகள் என்னை 'டத்தோ' என்று கூப்பிடுகிறார்கள். பெரிய மனிதர்களுக்கு அரண்மனை கொடுக்கிற பட்டம் அது. எனக்குக் கொடுத்தது பாத்தேக்.

போன மாதம் கேன்டீனில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஏம்மா, ஆளு குறைஞ்சா கழிச்சிடுவாங்கன்னு அந்த ரூல்ஸ எங்க படிச்ச?"

"யாரு சொன்னா அப்படி ரூல்ஸ் இருக்குன்னு?"

"நீதானம்மா சொன்ன."

"ஆமா, நாந்தான் சொன்னேன். எங்க மேசைல ஆளு நெறஞ்சுதான் இருந்துச்சு. பாவம் அங்கிள், வாங்கன்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா?" என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி மீ கோரெங்கைச் சாப்பிட ஆரம்பித்தாள்.

வந்திருக்க மாட்டேன்தான். குருணுக்கு வண்டியை விட்டிருப்பேன், இன்னும் ஸ்பேனரோடு நின்றிருப்பேன். அதனாலோ என்னவோ, எந்தக் கூட்டத்திலாவது யாராவது முகம் வெளுத்து வாசல் பக்கமாக நகர்வதைப் பார்த்துவிட்டால், எங்கள் மேசையில் ஒரு ஆள் குறைகிறது என்று இப்போதெல்லாம் என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.