முக்காடு போட்ட ஜாடிகள்

முன்னூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், இத்தாலியில் பிராத்தோ நகரத்துச் சந்தையில் நீரூற்றை ஒட்டிய கறிக்கடை மேயாவுடையது. ஞானஸ்நானப் பெயர் பார்த்தொலொமேயா. அதை முழுசாகச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. புருஷன் காய்ச்சலில் போன மறுவாரமே கறுப்புப் பட்டு முக்காட்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவன் கத்தியைக் கையில் எடுத்தவள். குரல் பெரியது, கை அதைவிட வேகம். அவள் ஆட்டுத்தொடையைப் பிரிப்பதைப் பார்க்கவே வழியில் போகிறவர்கள் நின்றுவிட்டுப் போவார்கள்.

அடுத்த கறிக்கடைக்காரன் தத்தேயோவுக்கு அந்த நீரூற்றோரத்து இடத்தின் மேல் ஒரு கண். ஒரு ஜூலை மாதம், வெயில் கொளுத்திய நாளில், அவனுக்கு வாய்ப்பு வந்தது. மேயாவிடம் வாங்கிய கன்றுக்கறியில் புழு நெளிகிறது என்று ஒரு அம்மாள் கத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"கறி கெட்டா தானா புழுவைப் பெத்துப் போடும், அது தெரிஞ்சதுதான்," என்றான் தத்தேயோ, சந்தை முழுக்கக் கேட்கும்படி. "ஆனா இவ்வளவு சீக்கிரமா பெக்குதுன்னா வெட்டின கை அப்படி. புருஷனைப் பறிகொடுத்த கை!"

அழுகலிலிருந்து புழு தானாகப் பிறக்கிறது என்பதில் அன்று ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பள்ளிக்கூடத்தில் அதுதான் பாடம், கோயில் பிரசங்கத்தில் அதுதான் உவமை. அதனால் பேச்சு சட்டென்று ஒட்டிக்கொண்டது. சில நாட்களில் மேயாவின் கடை முன்னால் நாய்கள் மட்டும்தான் நின்றன.

மேயா அழுதுகொண்டு உட்காரவில்லை. நேரே வைத்தியர் லத்தான்சியோவின் வீட்டுக்குப் போனாள். அவர் அடிக்கடி புளோரன்சுக்குப் போய் வருகிறவர். அங்கே படித்தவர்கள் எதைப் பற்றிச் சண்டை போட்டாலும் சூடு ஆறுவதற்குள் அது பிராத்தோவுக்கு வந்துவிடும்.

"ஐயா, உண்மையைச் சொல்லுங்க. என் கை சாபம் பிடிச்ச கையா?"

"உன் கையில ஒரு குறையும் இல்லம்மா. புளோரன்சில இப்ப ஒரு புதுப் பேச்சு. கறி புழுவைப் பெக்கிறதே இல்லையாம். ஈ வந்து முட்டை போடுதாம், அது பொரிஞ்சுதான் புழுவாம்."

"நீங்க பார்த்தீங்களா?"

வைத்தியர் சிரித்துவிட்டார். "பார்க்கல. சொன்னவங்க பெரிய ஆளுங்கதான். ஆனா அவங்களே, பெரிய ஆள் சொன்னான்னு நம்பாதே, செஞ்சு பாருன்னுதான் சொல்றாங்க."

"அப்ப செஞ்சிடுவோம். சந்தையில, எல்லார் கண்ணு முன்னாடியும். தத்தேயோ கறியையும் சேர்த்து."

சந்தை அதிகாரியின் ஜன்னலில், இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் ஜாடிகளை வரிசையாக வைத்தார்கள். இருவர் கடைக் கறியும் இருந்தது. பாதி ஜாடிகள் திறந்தபடி. மீதியின் வாயைத் தோல்தாளால் மூடி மெழுகு பூசினார் வைத்தியர்.

சில நாளில் திறந்த ஜாடிகள் எல்லாவற்றிலும் புழு நெளிந்தது. தத்தேயோவின் கறியில் கொஞ்சம் கூடுதலாகவே.

"என்ன தத்தேயோ, உன் பொண்டாட்டி உசுரோடதானே இருக்கா?" என்றாள் மொச்சைக்காரி சாந்த்ரா. சந்தை விழுந்து விழுந்து சிரித்தது.

மூடிய ஜாடிகளைத் திறந்தபோது நாற்றம் சந்தை முழுக்கப் பரவியது. ஆனால் ஒரு புழு கிடையாது. வைத்தியர் கைதட்டப் போனார். தத்தேயோ விடவில்லை.

"மூச்சு முட்ட அடைச்சு வெச்சா உள்ள எதுங்க பிறக்கும்? காத்து வேணாமா?"

வைத்தியரின் முகம் சுருங்கிவிட்டது. கூட்டம் மேயாவைப் பார்த்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அவன் கேக்கிறது நியாயம்தான்," என்றாள். "காத்து போகணும், ஈ போகக் கூடாது. அவ்வளவுதானே?"

சொல்லிக்கொண்டே தலையிலிருந்த முக்காட்டை உருவினாள். ஊதினால் மறுபக்கம் கன்னத்தில் காற்றுப் படும் அளவுக்கு மெல்லிய வலைப் பட்டு. கூட்டத்தில் பெண்கள் "ஐயையோ" என்றார்கள். ஒரு விதவை வெறுந்தலையோடு சந்தையில் நிற்பதை அவர்கள் பார்த்ததில்லை. மேயா அதைச் சட்டை செய்யாமல் கத்தியால் துண்டு துண்டாகக் கிழித்தாள்.

"இந்தா தத்தேயோ, நீயே ஊதிப் பாரு. நீயே கட்டு. அப்புறம் குறை சொல்லக் கூடாது."

அவன் ஊதிப் பார்த்தான். புதுக் கறி போட்ட ஜாடிகளின் வாயில் அவனே கட்டினான்.

அந்த வாரம் ஊருக்கு வேறு வேலை இல்லை. தண்ணீர் எடுக்க வந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு ஜன்னலில் மூக்கை வைத்தார்கள். வாடை பிடித்து வந்த ஈக்கள் முக்காட்டுத் துணியின் மேல் உட்கார்ந்தன, சுற்றிச் சுற்றி நடந்தன, உள்ளே போக வழி தேடின. பிறகு ஒரு காலையில் சாந்த்ரா அலறினாள்.

"அக்கா! மேயா அக்கா! ஓடி வா! துணி மேல, துணி மேல!"

கறுப்புப் பட்டின் மேல் வெள்ளை வெள்ளையாய்ப் பொடி முட்டைகள். அவற்றின் நடுவே நூல் மாதிரி நெளியும் குட்டிப் புழுக்கள். கறி கீழே இருக்கிறது. புழுவோ மேலே, ஈ உட்கார்ந்த இடத்தில். துணிக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"துணி எப்படிடா புழுவைப் பெக்கும்?" என்று யாரோ கேட்டார்கள். பதில் தெரிந்த கேள்விதான். சந்தையே ஓவென்று கத்தியது. பெண்கள் அந்த நாறும் ஜாடியைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் மூக்கைப் பொத்தியபடி, திருவிழா பவனி போல நீரூற்றைச் சுற்றி வந்தார்கள். வைத்தியர் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார். அது நீரூற்றில் விழுந்தது.

மறுநாள் தத்தேயோ மேயாவின் கடைக்கு வந்து தலையைச் சொறிந்தான்.

"அந்தத் துணி... இன்னும் கொஞ்சம் இருக்கா?"

"இருக்கு. முதல்ல என் கையைப் பத்திச் சொன்னதைத் திருப்பி வாங்கு. சொன்ன அதே சத்தத்துல."

"மேயா கை நல்ல கை!" என்று அவன் சந்தை நடுவில் கத்தினான். அவள் துணியைக் கொடுத்தாள்.

அந்தக் கோடை முடிவதற்குள் பிராத்தோவின் கறிக்கடைகள் எல்லாம் வலைத்துணித் திரை தொங்கவிட்டிருந்தன. மேயா அதே இடத்தில் கிழவியாகும் வரை கடை நடத்தினாள், வெறுந்தலையோடுதான். பங்குச் சாமியார் ஒரு தடவை அதைப் பற்றி முணுமுணுத்தார். நல்ல ஆட்டுத்தொடை ஒன்று அவர் வீட்டுக்குப் போனதும் நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கோடைக்கு மறு வருஷம், செர்ரிப் பழம் பழுத்த நாளில் அவள் மறுபடியும் வைத்தியர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கடித்த பழத்தை நீட்டினாள். உள்ளே ஒரு புழு.

"தோல்ல ஓட்டையே இல்லய்யா. இவன் எப்படி உள்ள போனான்?"

"தெரியலையேம்மா."

"புளோரன்சுக்காரங்களுக்கு?"

"அவங்களுக்கும் தெரியாது."

"நல்லதாப் போச்சு," என்றாள் மேயா. அன்று சாயங்காலமே, அடுத்த வருஷம் பூ உதிர்ந்து பிஞ்சு விடும்போதே ஒரு கிளை முழுக்கத் துணி கட்டிவிட வேண்டும் என்று, தன் வீட்டுச் செர்ரி மரத்தைச் சுற்றி வந்து கிளை பார்த்துக்கொண்டிருந்தாள்.