மந்திரியைச் சாகவிடாத பெண்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகுதான் எனக்கு எழுத வாய்க்கும். திண்டிவனத்தில் எங்கள் வீடு இரண்டே அறை. ஒன்றில் கணவர் தூங்குவார். மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வாரம் முழுக்கச் செம்புக் கம்பியோடு மல்லுக்கட்டியவருக்கு அன்றைய தூக்கம் லேசில் கலையாது. இன்னொன்றில் மகள், பிளஸ் டூ பாடத்தோடு. நான் சமையலறைத் தரையில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு, செல்போனில் கட்டைவிரலால் தட்ட ஆரம்பிப்பேன்.

நான் எழுதுவது மாயக்கதை. ஒரு பெரிய ஏரிக்கு அடியில் ஒரு நகரம் இருக்கிறது. ஏரி நிறைந்திருக்கும்வரை அங்கே மனிதர்கள் நடமாடுவார்கள். தண்ணீர் வற்றினால் அத்தனை பேரும் மண்பானைகளாகி, அடுத்த மழைவரை வரிசையாகக் கவிழ்ந்து கிடப்பார்கள். மதகைக் கீழிருந்து காவல் காக்கிற பெண்தான் கதாநாயகி. அரசிக்குத் துரோகம் செய்கிற மந்திரி ஒருவர் உண்டு; அவருக்குக் கண் தெரியாது. ஆனால் மழை கிளம்புவதற்கு முன்பே அதன் சத்தம் அவருக்குக் கேட்டுவிடும்.

முதலில் இதைச் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "நல்லா இருக்கும்மா. ஆனா குடும்பக் கதை எதுனா இருந்தா குடுங்களேன்" என்றார். குடும்பத்தில் இருந்துகொண்டு குடும்பக் கதை வேறு எழுத எனக்கு மனசில்லை. கதைகள் போடுகிற ஒரு செயலியில், புனைபெயரில், வாரம் ஒரு அத்தியாயமாக நானே வெளியிடத் தொடங்கினேன். கணவரையும் மகளையும் தவிர யாருக்கும் தெரியாது. கணவர் ஒரு வரி படித்ததில்லை. ஆனால் சனிக்கிழமை இரவு சாப்பிடும்போது, "உன் ஏரியில இந்த வாரம் தண்ணி வந்துச்சா?" என்று கேட்காமல் இருக்கமாட்டார்.

விழுப்புரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் எனக்கு வேலை. சனிக்கிழமை அரை நாள். அன்று நேரே நூலகத்துக்குப் போய், பழைய நாட்டுப்புறக் கதைத் தொகுப்போ, கடல் பயணக் குறிப்போ, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். திண்டிவனம் வரும்வரை வாசிப்பு. வீட்டுக்கு வந்ததும் ஞாயிறு எழுதியதை எடுத்துத் திருத்துவேன். மூன்று சுழி, இரண்டு சுழி எல்லாம் பார்த்து முடித்து, விளக்கு வைத்த பிறகு செயலியில் ஏற்றுவேன். அப்புறம் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை போனைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். "சூப்பர்." "அடுத்த பகுதி எப்போ?" இப்படி வரும். சந்தோஷம்தான். ஆனால் என் கதையைப் படிக்கிற ஒரு முகத்தை ஒருமுறையாவது பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருக்கும். எந்த வரியில் அந்தக் கண் நிற்கிறது, எங்கே உதடு அசைகிறது என்று பார்க்கவேண்டும். கணக்குப் பேரேட்டில் தலையைக் கவிழ்த்திருக்கும்போதுகூட அந்த ஆசை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு திங்கட்கிழமை காலை அது நடந்தது. கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு படித்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். மடியில் சாப்பாட்டுப் பை, அதன்மேல் மடித்த வெள்ளைக் கோட்டு. எதேச்சையாகத் திரும்பிய என் கண்ணில் "மதகுக் காவல்காரி" என்ற சொல் பட்டது. காது இரண்டும் சூடாகிவிட்டது. என்னால் ஜன்னல் பக்கமும் திரும்ப முடியவில்லை, அவள் பக்கமும் திரும்ப முடியவில்லை. மந்திரி மதகுச் சாவியைத் திருடுகிற இடத்துக்கு வந்ததும், "அய்ய, இந்தாளு!" என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

"என்னம்மா படிக்கிறீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"கதைக்கா. ஏரிக்கடியில ஒரு ஊரு இருக்குதாம்..." என்று ஆரம்பித்தாள்.

விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் முதல் அத்தியாயத்திலிருந்து அன்றுவரை முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். முன்சீட்டு அம்மாகூடத் திரும்பி உட்கார்ந்து கேட்டார். முண்டியம்பாக்கத்தில், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் இறங்கினாள். அங்கே லேபில் ஒப்பந்த வேலை என்று அப்புறம் தெரிந்தது.

அன்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவள் சொன்ன கதை நான் எழுதிய கதையைவிட நன்றாக இருந்தது. நான்தான் என்று சொன்னால் நாளைக்கு அவள் எனக்குக் கதை சொல்லமாட்டாள். எழுதினவளிடமே யாராவது கதை சொல்வார்களா? அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமை என்றால் எனக்குத் திருவிழா. ஜன்னலோர இடத்தை அவளுக்கென்று விட்டு, அதில் கைப்பையை வைத்து, கூட்டேரிப்பட்டு வரும்வரை யாரிடமாவது "ஆள் வர்றாங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அவள் ஏறி உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்ததும், "அக்கா, இந்த வாரம் இன்னா ஆச்சு தெரியுமா?" என்பாள். எனக்கு எதுவுமே தெரியாது என்று முகத்தை வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் எழுதுகிறவரைப் பற்றியே பேச்சு வந்தது.

"எழுதறது யாரோ ஆம்பளைக்கா. நல்லா தெரியுது."

"எப்பிடிச் சொல்ற?"

"பாருங்களேன், அந்த ஊர்ல எல்லாரும் சாப்பிட்டுக்கினே இருக்கறாங்க. யாருனா ஒருத்தர் சமைக்கறாங்களா? அடுப்பே கெடையாது. சோறு இன்னா மரத்துலயா காய்க்குது?"

சிரித்துவிட்டேன். அவள் சொன்னது நிஜம். சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறவள் நான்; எழுதுகிற ஊரிலாவது அடுப்பு இல்லாமல் இருக்கட்டும் என்று என்னை அறியாமலே விட்டிருக்கிறேன். அதை அவளிடம் சொல்ல முடியவில்லை. அந்த வாரமே நகரத்தில் ஒரு சமையற்கூடம் கட்டினேன். தண்ணீருக்கடியில் நெருப்பு எரியாது என்பதால், வெயிலைச் சட்டியில் பிடித்துவந்து சமைக்கிறார்கள் என்று எழுதினேன். அடுத்த திங்கள் அவள், "எம்பேச்சு அந்தாளுக்குக் கேட்டுச்சுபோலக்கா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

மந்திரியை மட்டும் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. முதலில் திட்டியவள்தான். "பாவம்க்கா அவரு. அரசி நாக்குமேல பல்லுப்போட்டுப் பேசினா, அவரு வெளிய போயி மழையில நின்னுக்கினு அழுதாரு. மழையில அழுதா யாருக்குத் தெரியப்போவுது?" என்று ஒருநாள் சொன்னாள். நான் ஆபீஸ் போனதும் முதல் வேலையாக அந்த அத்தியாயத்தைத் திறந்து பார்த்தேன். மந்திரி வெளியே போனார் என்றுதான் எழுதியிருந்தேன். மழையும் இல்லை, அழுகையும் இல்லை. இரண்டும் அவளுடையவை. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்காமல் அந்த இரண்டு வரிகளைச் சேர்த்தேன்.

உண்மையில் அந்த மந்திரியை மதகு வெள்ளத்தில் சாகடிப்பது என்று தொடங்கும்போதே முடிவு செய்திருந்தேன். அவரைக் கொல்லவேண்டிய ஞாயிறும் வந்தது. மந்திரி மதகருகே வந்து நின்றார். கட்டைவிரல் நகரவில்லை. திங்கட்கிழமை அவள் முகம் எப்படி இருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மதகுக் காவல்காரி அவரைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். கதை அங்கே தடம் மாறி, இரண்டு பாகமாக நீண்டது.

பொங்கலுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அவள் இறங்க நான் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டபோது, "திங்கக்கெழம பாக்கலாம்க்கா" என்றாள். அந்தத் திங்கள் கூட்டேரிப்பட்டில் அவள் நிற்கவில்லை. செவ்வாயும் இல்லை. உடம்புக்கு ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த திங்களும் வராதபோது கண்டக்டரிடம் கேட்டேன். "தெனம் ஆயிரம் பேரு ஏறாங்க, எறங்கறாங்க. யாரைன்னு சொல்றது?" என்றார்.

அந்தச் சனிக்கிழமை நூலகத்துக்குப் போகவில்லை. முண்டியம்பாக்கத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்குள் போனேன். லேப் வாசலில் ரத்தம் கொடுக்கக் காத்திருந்த கூட்டத்தைத் தாண்டி, உள்ளே ஊழியர் ஒருவரைப் பிடித்தேன். அப்போதுதான் எனக்கு அவள் பெயரே தெரியாது என்று உறைத்தது. ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அவளுக்கு நான் அக்கா, எனக்கு அவள் "வாம்மா". அவ்வளவுதான்.

"கூட்டேரிப்பட்டுலேர்ந்து வருவாங்க. எடது கைப்பழக்கம். கதை படிச்சிக்கினே இருப்பாங்க" என்றேன்.

"ஓ, அவங்களா? காண்ட்ராக்ட் முடிஞ்சிருச்சுங்க. ஓசூர்ல பிரைவேட் ஆஸ்பத்திரில ஜல்தியா ஒரு வேலை கெடச்சுது, போய்ட்டாங்க. நீங்க யாரு, சொந்தமா?"

"இல்ல. பஸ்ல ஒண்ணா வருவோம்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்ன உறவு என்று எனக்கே கேட்டது. அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். ஆனால் நல்ல மனிதர். "அவங்க நம்பரத் தரக்கூடாதுங்க. உங்க நம்பரச் சொல்லுங்க, அனுப்பி வைக்கறேன். இன்னா பேரு போடட்டும்?" என்றார்.

"பஸ் அக்கான்னு போடுங்க."

பங்குனி போனது, சித்திரை போனது. போன் வரவில்லை. நான் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். முதல் பாகத்தைப் புத்தகமாக அச்சடிக்கலாம் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். கேட்கிற பிரதியை மட்டும் அச்சடித்து அனுப்பும் ஒரு நிறுவனத்தை அவளே இணையத்தில் கண்டுபிடித்தாள். அட்டைக்குத் திண்டிவனத்தில் கல்யாண பேனர் போடுகிற கடைக்குப் போனோம். கடைக்காரர் ஏரிக்கு நடுவே ஒரு அரண்மனையை வைத்து, இரண்டு பக்கமும் ரோஜாப்பூ தூவி, மேலே இரண்டு புறாவும் பறக்கவிட்டிருந்தார். ரோஜாவை எடுக்கவைக்க ஒரு மத்தியானம் ஆனது. புறாவை விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்றார். கடைசியில் அதைக் கொக்காக மாற்றச் சம்மதித்தார். பார்சல் வந்த அன்று கணவர் புத்தகத்தைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "நல்ல கனமாத்தான் கீது" என்றார். மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கோ, இதை அந்தப் பஸ் இருக்கையில் வைத்து, "இந்தாம்மா" என்று நீட்டவேண்டும் போலிருந்தது.

ஆடியில் ஒருநாள் ஆபீஸில் சாப்பாட்டு நேரம். தெரியாத எண்.

"அக்கா, பஸ் அக்காவா?"

எழுந்து வராந்தாவுக்கு ஓடினேன்.

"எப்பிடிம்மா இருக்கற? சொல்லாம போய்ட்டியே!"

"சனிக்கெழம சொல்லி ஞாயித்துக்கெழம வரச்சொன்னாங்கக்கா. ஒரே பேஜாரு. இங்க ஷிப்டு மாத்தி மாத்திப் போடறாங்க. ரூமுக்கு வந்தா தூக்கம்தான். கதைகூட படிக்கறது இல்ல. அந்த மந்திரி இன்னா ஆனாரு? நீங்கனா படிச்சீங்களா? சொல்லுங்களேன்."

சொன்னேன். நான் எழுதிய கதையை முதன்முதலாக வாயால் சொன்னேன். தட்டுத்தடுமாறி, முன்னே பின்னே போய்ச் சொன்னேன். அவளைப் போல எனக்குச் சொல்ல வரவில்லை. மந்திரி உயிரோடு இருக்கிறார் என்றதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. அதற்குமேல் என்னால் அடக்கமுடியவில்லை.

"அத எழுதறது நாந்தாம்மா."

"சும்மா இருங்கக்கா."

"நெஜமா. நீ கேட்டன்னுதான் அடுப்பு வெச்சேன். நீ சொன்னன்னுதான் அவரைச் சாகவிடல."

மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நான் சொல்லச் சொல்ல ஏங்க்கா ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டுக்கினு இருந்தீங்க?"

"நீ சொல்றது நல்லா இருந்துச்சு. நிறுத்திடுவியோன்னு பயம்."

"மழையில நின்னு அழுதாரே..."

"அது உன்னுது."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "சாம்பிள் வந்துடுச்சுக்கா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். மாலையில் முகவரி அனுப்பியிருந்தாள். அதில்தான் முதன்முதலாக அவள் பெயரைப் பார்த்தேன். அதைப் புத்தகத்தில் எழுதி அனுப்பினேன்.

சில வாரம் கழித்து, விடுதிக் கட்டில்மேல் புத்தகம் கிடக்கிற படம் ஒன்று வந்தது. கீழே ஒரு செய்தி. "படிச்சிக்கினு இருக்கறேன்க்கா. நல்லாருக்குது. ஆனா நீங்கதான்னு தெரிஞ்சப்பறம் வேற மாதிரி ஆயிடுச்சு. ஒவ்வொரு வரியிலயும் உங்க கொரல்தான் கேக்குது. ரூம்ல இருக்கற பொண்ணுக்குச் சொல்லலாம்னு பாத்தேன். தப்பா சொல்லிடுவனோன்னு இருக்குது."

"தப்பாவே சொல்லும்மா" என்று பதில் அனுப்பினேன். ஒரு சிரிப்பு முகம் வந்தது. இப்போதும் பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்து அனுப்புகிறாள். கதையைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. அவளுக்கு வேலை அப்படி.

மூன்றாம் பாகம் நடக்கிறது. ஞாயிறு எழுத்து, சனிக்கிழமை வாசிப்பு, அன்றே வெளியீடு. எதுவும் மாறவில்லை. செயலியில் படிப்பவர்கள் முன்பைவிட அதிகமாகவே இருக்கிறார்கள். ஆனால் ஒரு அத்தியாயம் நன்றாக வந்திருக்கிறதா என்று எனக்குத் திங்கட்கிழமை வரை தெரிவதில்லை; திங்கட்கிழமையும் தெரிவதில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அவள் பேச்சில், அவள் கையாட்டலோடு எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். உதடு அசைவதைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர்கள், ஜெபம் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. யாரும் தொந்தரவு செய்வதில்லை. முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எழுந்து வாசல் பக்கம் நகரும்போது, பக்கத்தில் யாருமே இல்லாவிட்டாலும், வழிவிடுவதற்காக என் முழங்கால் தானாக ஒதுங்குகிறது.