தூள் மில் நிற்கக்கூடாது

ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலையின் முதல் நாளில் நான் செய்த ஒரே காரியம் தும்மியதுதான்.

இணுவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில் பழைய எண்ணெய் ஆலை ஒன்று இருக்கிறது. தடித்த சுண்ணாம்புக்கல் சுவர், உயர்ந்த கூரை, பின் மூலையில் செங்கல் புகைபோக்கி. எண்ணெய் பிழிவது நின்று வெகுகாலம். ஆனால் முகப்பில் உள்ள ஓர் அறையில் ஒரு தூள் மில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் வறுத்த செத்தல் மிளகாயையும் கொத்தமல்லியையும் சூடு ஆறியபின் கொண்டுபோய்க் கொடுத்தால் கறித்தூளாக அரைத்துத் தருவார்கள். மில்லை நடத்துபவர் தவமணி அக்கா. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்வார். மற்றவர்கள் தும்மிக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஆலை ராணி மிஸ்ஸுக்குச் சொந்தம். தகப்பன் கட்டியது. மிஸ் மிசன் பள்ளிக்கூடமொன்றில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கட்டடத்தை இடிக்காமல், கீழே கடைகளும் ஒரு கஃபேயும், நடுவில் கூட்டங்களுக்கு மண்டபமும், மேலே திருநெல்வேலியில் படிக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு விடுதியும் போட வேண்டும் என்பது அவர் எண்ணம். அரச கந்தோர்களின் மொழியில் இதற்குக் கலப்புப் பாவனை என்று பெயர்.

என்னை ஏன் கூப்பிட்டார் என்று சொல்ல வேண்டும். நான் ஒரு பிரதேச சபையில் கட்டட விண்ணப்பங்களைப் பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவன். வேலையில் இருந்தபோது என்னைத் திட்டியவர்கள்தான், ஓய்வு பெற்றதும் என் வீட்டுக் கேற்றைத் தட்டினார்கள். ஒரு விண்ணப்பத்தை எத்தனை விதமாகத் தள்ளுபடி செய்யலாம் என்று தெரிந்தவனுக்கு அதைத் தேறவைக்கவும் தெரியும் என்பது அவர்களுடைய கணக்கு. பிழையான கணக்கென்று சொல்ல முடியாது.

அன்று கட்டடக்கலைஞர் மதுரா தன் காரின் பொனற்றில் வரைபடத்தை விரித்தாள். சின்னப் பெண்தான், ஆனால் கோடு போடத் தெரிந்த பெண். எல்லாம் அழகாக இருந்தது. மில் இருந்த இடத்தில் மட்டும் ‘சந்திப்பு முற்றம்’ என்று எழுதியிருந்தது.

தவமணி அக்கா மெசினை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“உதிலை என்ரை மில் எங்கை தங்கச்சி?”

“அக்கா, இது சந்திப்பு முற்றம். ஆக்கள் வந்து சும்மா இருந்து கதைக்கிற இடம்.”

“சும்மா இருந்து கதைக்கவோ? உங்கை திரும்பிப் பாருங்கோ.”

வெளியே கிடந்த நீள வாங்கில் பேசின்களையும் வாளிகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு வரிசை பெண்கள் இருந்தார்கள். யாரோ ஒருத்தியின் மகளுக்கு வந்த மாப்பிள்ளையை ஆறு பேர் சேர்ந்து விசாரணை செய்துகொண்டிருந்தார்கள். தீர்ப்பு அவனுக்குச் சாதகமாக இல்லை.

“உவை என்ன செய்யினம் எண்டு நினைக்கிறியள்?” என்றார் தவமணி அக்கா.

மதுரா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வரைபடத்தைச் சுருட்டிக் காருக்குள் போட்டாள். வாதாடவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் மதிப்பு வந்தது.

விசயம் சிறியதல்ல. தவமணி அக்காவுக்கு அந்த மில்லைத் தவிர வேறு பிழைப்புக் கிடையாது. வீடுகள் நெருங்கிவிட்ட பகுதியில் இன்று எவருக்கும் புதிதாக மில் போட அனுமதி கிடைக்காது. இங்கிருந்து எழும்பினால் மெசினைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

ராணி மிஸ் தன் பக்கத்தை இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டார். “மில் இருக்கட்டும், எனக்குப் பிரச்சினை இல்லை. தும்மல் மட்டும் மேலை பிள்ளையளிட்டைப் போகக்கூடாது. அது ஏலாதெண்டா, தவமணியோடை நானே கதைக்கிறன்.”

என் கதிரையில் இருந்தவன்

கந்தோருக்குப் போனபோது என் கதிரையில் சிவகரன் இருந்தான். அவனுக்கு வேலை பழக்கியவன் நான். என்னைக் கண்டதும் எழும்பினான், பிளேன்ரீ வரவழைத்தான், மிகுந்த மரியாதையோடு மறுத்தான்.

“சேர், விடுதிக்குக் கீழை மில் குடுக்க ஏலாது.”

“புதுசாக் கேக்கேல்லை. ஓடிக்கொண்டிருக்கிறதைத்தான் கேக்கிறன்.”

“அப்ப நடப்பிலை உள்ள பாவனை. தொடரலாம். ஆனா இடையிலை நிண்டா உரிமை போயிடும். கட்டட வேலை நடக்கேக்கையும் அது ஓடவேணும்.”

“அது எனக்குத் தெரியும்.”

“தெரியும் சேர். நீங்கள்தானே எனக்குச் சொல்லித் தந்தனீங்கள். பேந்து, வேலை முடிய நான் வந்து பாப்பன். தூசு பறக்கக்கூடாது. அயலுக்கு ஆட்சேபனை இருக்கக்கூடாது. ரெண்டிலை ஒண்டு பிழைச்சாலும் மில்லுக்கு அனுமதி இல்லை.”

“தூசை எதாலை அளப்பாய்?”

“கந்தோரிலை அதுக்குக் கருவி இல்லை சேர்” என்றான்.

அடக்கமாகச் சொன்னான். அந்தக் கந்தோரில் வேலை செய்த எல்லாருக்கும் அவனுடைய மூக்கைத் தெரியும். மத்தியானம் யாராவது மிளகு போட்ட சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்தால், அடுத்த அறையில் இருக்கும் அவன் கோப்போடு எழும்பி விறாந்தைக்குப் போய்விடுவான். அந்த மூக்கைவிட நுட்பமான கருவியை எந்தத் திணைக்களமும் வாங்கித் தராது.

இளம் உத்தியோகத்தர்களுக்கு ஒரு குறிப்பு. நீங்கள் இன்று பழக்குகிறவன் நாளை உங்கள் விண்ணப்பத்தைப் பார்ப்பான். நன்றாகப் பழக்கியிருந்தால் நன்றாக அவதிப்படுவீர்கள்.

கூரை இல்லாத மில்

வேலை தொடங்கியது. கூரைச் சீற்றுகளைக் கழற்றினார்கள். மில்லுக்கு மேலே மட்டும் ஒரு படங்கைக் கட்டினோம். அதன் கீழே தவமணி அக்கா அரைத்தார். அதைச் சுற்றிச் சாரம் கட்டிக் குணம் அண்ணையின் ஆட்கள் சுவர் திருத்தினார்கள். குணம் அண்ணைதான் கொந்தராத்துக்காரர்.

“சேர், என்ரை பொடியள் தும்மித் தும்மிப் பூசுறாங்கள். சுவர் நெளியுது” என்று என்னிடம் முறையிட்டார்.

தவமணி அக்கா உள்ளிருந்தே குரல் கொடுத்தார். “நான் வர முன்னமே அது நெளிஞ்சுதான் நிண்டது அண்ணை. பழியைத் தும்மலிலை போடாதேங்கோ.”

வயரிங் வேலைக்குக் கரண்டை நிறுத்த வேண்டி வந்தால் அக்கா கடையைப் பூட்டிய பிறகுதான். ஒருநாள் குணம் அண்ணையின் ஆள் காலையிலேயே சுவிச்சில் கைவைத்துவிட்டான். மெசின் அடங்கியதும் வெளி வாங்கு முழுவதும் ஒரே நேரத்தில் எழும்பி உள்ளே வந்தது. அவன் கையை எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு எந்தச் சட்டப்பிரிவையும் நான் அவனுக்கு விளக்கத் தேவைப்படவில்லை.

சனமும் குறையவில்லை. தூள் அரைக்க வருகிறவர்கள் கட்டடத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டு வரைபடம் பார்த்து அபிப்பிராயம் சொல்லத் தெரியாத ஒருவரும் எங்கள் ஊரில் இல்லை. கஃபேக்கு முன்னால் விடுதிப் படிக்கட்டு இறங்கினால், தலை வாராமல் இறங்குகிற பிள்ளைகளை ஊர் முழுக்கப் பார்க்கும் என்று ஒருவர் சொன்னார். மதுரா படிக்கட்டைப் பக்கவாட்டுக்கு மாற்றினாள்.

தும்மலுக்கு அவள் கண்டுபிடித்த வழி புகைபோக்கி. மில்லைக் கண்ணாடி அறைக்குள் வைத்து, மேலே கூடாரம்போல் ஒரு தகர மூடி பொருத்தி, குழாய் வழியே தூசை இழுத்துப் பழைய புகைபோக்கியில் விட்டுவிடுவது. கேட்க நன்றாக இருந்தது. மண்டபத்துக்கு வாங்கிய பெரிய விசிறி ஒன்று சும்மா கிடந்ததால் அதையே பூட்டிப் பரீட்சித்தோம்.

ஒரு தும்மல் இல்லை. எல்லாரும் கைதட்டினோம். அன்று முதலாவதாக அரைக்கக் கொடுத்த பூமணி தன் வாளியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு தவமணி அக்காவைப் பார்த்தாள்.

“கால்வாசியைக் காணேல்லை.”

“நான் என்ன, திண்டனானே?”

“நான் வீட்டிலை நிறுத்துக்கொண்டு வந்தனான் தவமணி.”

எல்லாரும் ஒருசேர மேலே பார்த்தோம். புகைபோக்கியின் நுனியிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மேகம் மிக நிதானமாக வெளியேறிக்கொண்டிருந்தது. விசிறி தூசோடு சேர்த்துத் தூளையும் உறிஞ்சிவிட்டது. ஒழுங்கையில் படுத்திருந்த நாய்கள் எழும்பித் தும்மின. எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த வளவில் ஓய்வு பெற்ற தபால் அதிபர் கனகசபை தன் வெள்ளை வேட்டிகளைக் கொடியில் காயப்போட்டிருந்தார். சற்று நேரத்தில் அவர், வெள்ளையென்றும் காவியென்றும் சொல்ல முடியாத ஒரு நிறத்தில் வேட்டி ஒன்றை ஏந்திக்கொண்டு மதிலடிக்கு வந்தார்.

“எனக்கு ஆட்சேபனை இருக்கு. நேரம் வரேக்கை சொல்லுவன்.”

நாங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டோம். அயலவர் ஒருவரின் ஆட்சேபனை போதும், மில்லை மூட. மதுரா அவரிடம் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையாட்டினார். தபால் கந்தோரில் நீண்டகாலம் இருந்தவரின் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்று எவராலும் சொல்ல முடியாது.

அடுத்த நாட்களில் மதுராவும் தவமணி அக்காவும் கண்ணாடி அறைக்குள் நின்றார்கள். “எனக்குத் தூள் வேண்டாம் அக்கா, தூசு மட்டும்தான் வேணும்” என்பாள் மதுரா. “அப்ப உந்த விசிறியை மெள்ளமா மூச்சிழுக்கச் சொல்லு பிள்ளை” என்பார் அக்கா. மதுரா சிறிய விசிறி ஒன்றுக்குக் கணக்குப் போட்டாள், கூடாரத்தை அகலமாக்கினாள். அக்கா துணியில் நீளப் பைகள் தைத்தார். குழாய்க்குள் அவற்றை மாட்டி, கழற்றி, உதறி, மறுபடி மாட்டினார்கள். பின்னேரம் வெளியே வரும்போது இரண்டு பேரும் ஒரே நிறத்தில் இருப்பார்கள்.

கடைசியில் புகைபோக்கியால் வாசம் மட்டும் போனது. ஆனாலும் நான் நம்பவில்லை. மில் காலை பத்தரையோடு பூட்டப்படும், அதன் பிறகுதான் கஃபே திறக்கும் என்று விண்ணப்பத்தில் சேர்த்துவிட்டேன். தவமணி அக்காவுக்கு அதில் பாதி வருமானம் போகும். முழுவதும் போவதற்கு அது மேல் என்றேன். அவர் மூக்குத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த வாளியை எடுத்தார்.

மூக்கின் முன்னிலையில்

கட்டட வேலை முடிந்ததும், ஆட்சேபனை உள்ளவர்கள் பார்வையிடும் நாளில் நேரில் வந்து சொல்லலாம் என்று கந்தோர் அறிவித்தல் ஆலைக் கேற்றில் தொங்கியது. அன்று காலை ஒழுங்கை நிறையச் சனம். சிவகரன் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

“இவ்வளவு பேருக்கு ஆட்சேபனையோ சேர்?”

நானும் அப்படித்தான் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால், ஆளுக்கொரு பேசின். மில்லுக்குப் போகிறபோது வெறுங்கையோடு போகிற பழக்கம் எங்கள் சனத்துக்கு இல்லை, விசாரணைக்கென்றாலும்கூட.

கண்ணாடி அறைக்கு அருகில் இருந்த கஃபே மேசையில் ராணி மிஸ் வீட்டிலிருந்து கொண்டுவந்த, கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பை விரித்தார். “தம்பி, இதிலை இருங்கோ” என்று சிவகரனை இருத்தினார். தவமணி அக்கா சுவிச்சைப் போட்டார்.

பேசின் பேசினாக அரைபட்டது. ஊரே ஓர் அரச உத்தியோகத்தரின் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு கட்டத்தில் அவன் முகம் சுருங்கியது. கை பொக்கற்றுக்குள் போனது. மதுரா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவன் லேஞ்சியை எடுத்து நெற்றி வேர்வையைத் துடைத்தான்.

“ஏன் எல்லாரும் என்னையே பாக்கிறியள்?” என்றான்.

பூமணிதான் முதலில் சிரித்தாள்.

அவன் மேலே போய் விடுதிக் கட்டில்களின் விரிப்புகளைக் கையால் தட்டினான், யன்னல் நிலையில் விரலை வைத்து இழுத்தான். கீழே வந்து மேசை விரிப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். வெள்ளை, வெள்ளையாகவே இருந்தது.

“சரி. ஆட்சேபனை உள்ள ஆக்கள் சொல்லலாம்.”

“எனக்கு இருக்கு” என்று தபால் அதிபர் எழும்பினார்.

தவமணி அக்கா மெசினை நிறுத்தினார். அந்தச் சத்தம் நின்றபோது எல்லாமே நின்றதுபோல் இருந்தது.

“மில்லைப் பத்தரையோடை பூட்டப் போறியளாமே. நான் தனிய இருக்கிற மனுசன். காலமை நானே மிளகாய் வறுத்து, அது ஆறி, நான் வெளிக்கிட்டு வரப் பதினொண்டாகும். பேந்து எனக்கு ஆர் அரைச்சுத் தாறது? இது அநியாயம். பதியுங்கோ.”

“ஓம், எனக்கும் அதுதான் ஆட்சேபனை” என்றாள் பூமணி. பின்னால் இருந்து இன்னும் பல குரல்கள் வந்தன.

“மாஸ்ரர், உங்கடை வேட்டி...” என்று மதுரா தயங்கினாள்.

“வேட்டி வெளுத்திட்டுது பிள்ளை. நீ அண்டைக்கே வந்து மன்னிப்புக் கேட்டனிதானே.”

சிவகரன் பேனையோடு என் பக்கம் சாய்ந்தான். “சேர், இது எந்த வகைக்குள்ளை வரும்?”

“மில்லுக்கு எதிரா ஆரும் சொன்னவையோ?”

“இல்லை.”

“அப்ப ஆட்சேபனை இல்லை எண்டு எழுது. பத்தரை எண்டதை வெட்டு.”

“அதை எழுதினது நீங்கள் சேர்.”

“அதுதான் வெட்டச் சொல்லுறன்.”

வெட்டினான். தவமணி அக்கா மூக்குத் துணியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார்.

இப்போது அந்தக் கட்டடம் நிறைந்திருக்கிறது. தூள் அரையும்வரை கஃபேயில் தேத்தண்ணி குடிக்கிறார்கள். மாப்பிள்ளை விசாரணைகள் அங்கேதான் நடக்கின்றன. மேலே இருந்து வந்த ஒரே முறைப்பாடு, பரீட்சைக் காலத்தில் கொத்தமல்லி வாசம் பசியைக் கிளப்புகிறது என்பது. அதற்கு நடவடிக்கை எடுக்க எந்தப் பிரிவிலும் இடமில்லை.

நாங்கள் கந்தோர் வரைபடத்தில் கடைக்கு ஒரு நிறம், வீட்டுக்கு ஒரு நிறம், தொழிலுக்கு ஒரு நிறம் என்று தீட்டிப் பழகியவர்கள். நிறங்கள் ஒன்றோடொன்று படாமல் தீட்டுபவனே கெட்டிக்காரன். இந்த வேலையில் நான் கற்றது வேறு. இன்று யாராவது பழைய கட்டடமொன்றின் வரைபடத்தோடு என் வீட்டுக்கு வந்தால், நான் முதலில் கேட்பது, “அங்கை இப்ப ஆர் இருக்கினம்?” என்பதுதான். ஒருவரும் இல்லை என்று சொன்னால், ஒரு காலை முழுவதும் அதன் வாசலில் நின்று பார்த்துவிட்டு வரும்படி அனுப்பிவிடுவேன். பெரும்பாலும் வரைபடத்தின் கோடுகளை மாற்றிக்கொண்டுதான் திரும்பி வருகிறார்கள்.

அன்று அனுமதிப் பத்திரம் கிடைத்ததும் அதை நான்தான் தவமணி அக்காவிடம் கொண்டுபோனேன். நிபந்தனையை வாசிக்கச் சொன்னார். தூள் மில் பாவனை இடைநிறுத்தப்படாமல் தொடர வேண்டும் என்று வாசித்தேன்.

“அப்ப எனக்கு லீவு இல்லையோ?”

“லீவு எடுக்கலாம் அக்கா. ஒரேயடியா நிப்பாட்டத்தான் ஏலாது.”

பத்திரத்தை வாங்கி, எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

“இவ்வளவு காலமும் வந்த உத்தியோகத்தர் எல்லாரும் நிப்பாட்டு, நிப்பாட்டு எண்டுதான் சொன்னவை. நிப்பாட்டாதை எண்டு எழுதித் தந்தது இதுதான் முதல் தரம்” என்றார்.

பிறகு வாங்கில் இருந்தவர்களைப் பார்த்து, “அடுத்தது ஆர்?” என்று கேட்டார்.